யாழினி சாப்பிட்டால் போகலாம்

பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் டப். டப்பின் வாயில் குறுக்காக இரண்டு மரச்சட்டங்கள். அவற்றின் மேல் காய்கறி கழுவும் ஓட்டைக் கூடை. கூடைக்குள் என் கணவரின் பழைய வேட்டியில் இறுக்கிக் கட்டிய ஒரு மூட்டை. மூட்டையின் மேல் தாம்பாளம். தாம்பாளத்தின் மேல் நிறைத்து மூடிய இருபது லிட்டர் தண்ணீர் கேன்.

மூட்டையிலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் வேகமாகச் சொட்டியது. இரண்டாம் நாள் நினைத்து நினைத்துச் சொட்டியது. நான் அரை மணிக்கு ஒரு தரம் போய்ப் பார்த்தேன். பார்த்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்த இரண்டாம் நாள் காலை பத்து மணி வாக்கில் காலிங் பெல் அடித்தது. ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் எங்கள் தளத்தில் இரண்டே வீடுகள். எதிர் வீடு வைதேகி மாமியுடையது. மாமி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார்.

"நித்யா, தப்பா எடுத்துக்காதே. உங்காத்துல எலி ஏதாவது செத்துக் கெடக்கா பாரேன்."

"எலி இல்ல மாமி. கிழங்கு."

"கிழங்கு செத்துப்போச்சா?"

"புளிக்க வச்சிருக்கேன் மாமி. மரவள்ளி. ஆப்பிரிக்காவுல இப்படித்தான் செய்வாங்களாம்."

மாமி என் தோளுக்கு மேலாகப் பால்கனியை எட்டிப் பார்த்தார். தண்ணீர் கேனைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை நாளைக்கு?"

"நாளைக்கு எடுத்துடுவேன்."

"நாளன்னிக்கு ஏகாதசி. அன்னிக்கு இருக்கக் கூடாது, சொல்லிட்டேன். பட்டினியோட இதையும் மோந்துண்டு என்னால இருக்க முடியாது."

"இருக்காது மாமி."

"உங்காத்துக்காரர் வேட்டியா அது?"

"ஆமா மாமி."

"அவர் அங்கே இருக்கறதும் நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மாமி தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சற்று நேரத்தில் சாம்பிராணிப் புகை அவர் கதவிடுக்கு வழியாக வந்தது.

எதற்காக இந்தக் கிழங்கு

என் மகள் யாழினி முதல் நாள் பள்ளிக்குப் போன கதையை இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, 'நீங்கள் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறீர்கள்' என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது சரிதான். இந்த வாரக் கதையைப் படித்தால் இன்னும் உறுதிப்படும்.

என் கணவர் செந்தில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே ஆர்டர் குறைந்து ஆட்களும் குறைந்தபோது, கானா நாட்டில் தேமா என்ற துறைமுக ஊரில் வேலை கிடைத்துப் போனார். அப்போது யாழினிக்கு இரண்டரை வயது. விமான நிலையத்தில் அப்பா உள்ளே போனதைவிட, அங்கே தரை துடைக்கிற வண்டி ஓடியதைத்தான் அவள் பல நாள் பேசிக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு நாள் அவர் போனில் மிகவும் நிதானமாகப் பேசினார். அவர் நிதானமாகப் பேசினால் பெரிதாக ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"இங்க ஃபேமிலி குவார்ட்டர்ஸ் ஒண்ணு காலியாகுது. எனக்குத் தரேங்கிறாங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். விட்டா அடுத்து எப்பன்னு தெரியாது."

நான் கேட்டேன்: "யாழினி என்ன சாப்பிடுவா?"

"அரிசி கிடைக்குது நித்யா. பருப்பு கிடைக்குது. இட்லி அரிசி கூட ஒரு கடையில வருது."

"எப்பவும் கிடைக்குமா?"

"எப்பவாவது கிடைக்கலன்னா இங்க இருக்கவங்க சாப்பிடுறதச் சாப்பிட்டுக்கலாம்."

"அது அவளுக்குப் பிடிக்கணும்ல."

இங்கேதான் நான் அதைச் சொன்னேன். "அவங்க என்ன சாப்பிடுறாங்கன்னு சொல்லுங்க. நான் இங்கயே செஞ்சு பாக்குறேன். யாழினி சாப்பிட்டா போகலாம்."

அவர் உடனே ஒத்துக்கொண்டார். இதில் எங்கள் இருவருக்கும் எந்தக் கோளாறும் தெரியவில்லை. எங்கள் பக்கம் ஒரு பையன் ஹாஸ்டலில் சேர்ந்தாலும், ஒரு பெண் கல்யாணமாகிப் போனாலும், முதலில் கேட்பது அங்கே சாப்பாடு எப்படி என்றுதான். அதற்கு நல்ல பதில் வந்துவிட்டால் மற்றதை யாரும் கேட்பதில்லை.

ஒரு வெல்டிங் இன்ஸ்பெக்டர் சொன்ன செய்முறை

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கும் பண்டம் காரி. மரவள்ளிக்கிழங்கைத் துருவி, புளிக்க வைத்து, பிழிந்து, வறுத்து எடுத்த குருணை. நம் வீட்டு ரவை டப்பாவுக்கு அங்கே இருக்கும் இடம் அதற்கு. சைட் கேண்டீனில் சமைக்கும் அம்மாவிடம் கேட்டு, செந்தில் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

"தோலச் சீவு. துருவு. துணியில கட்டி மேல வெயிட் வை. ரெண்டு மூணு நாள். அப்புறம் சலிச்சு வறு. அவ்வளவுதான்."

எவ்வளவு வெயிட் என்று கேட்டேன். "நிறைய" என்று பதில் வந்தது. எவ்வளவு புளிக்க வேண்டும் என்று கேட்டேன். "புளிப்பு வர்ற வரைக்கும்" என்றார். இரும்பில் அரை மில்லிமீட்டர் பிசகினால் மறுபடி செய்யச் சொல்லித் திருப்பி அனுப்புகிற மனிதர் இவர்.

அந்தச் செய்தி நீளமானது. வறுத்த காரியை எப்படியெல்லாம் சாப்பிடுவார்கள் என்று கடைசியில் இரண்டு மூன்று விதம் சொல்லியிருந்தார். கேட்டுக்கொண்டேன்.

பிறகு நான் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். மரவள்ளியைப் பற்றி இணையத்தில் படித்தேன். பச்சைக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, சில வகையில் அதிகம், சில வகையில் குறைவு, சரியாகச் செய்தால் போய்விடும் என்று இருந்தது. நான் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். படிப்பு தைரியம் தரும் என்பார்கள். எனக்கு எதைப் பார்த்தெல்லாம் பயப்படலாம் என்ற பட்டியலைத்தான் நீளமாக்கித் தந்தது.

சின்ன வயதில் எத்தனை நாள் மரவள்ளியை வேகவைத்து, மிளகாய்ப் பொடி தொட்டுத் தின்றிருக்கிறேன். அப்போது இதையெல்லாம் யாரும் படித்துச் சொல்லவில்லை. இப்போது படித்தாகிவிட்டது. படித்ததைப் படிக்காததாக ஆக்க முடியாதே.

காந்தி மார்க்கெட்டில்

செவ்வாய்க்கிழமை யாழினியை எல்.கே.ஜி.யில் விட்டுவிட்டு பஸ் ஏறி காந்தி மார்க்கெட் போனேன். கிழங்குக் கடைக்காரரிடம் ஐந்து கிலோ கேட்டதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிப்ஸ் கடை போடுறீங்களாம்மா?"

"இல்லைங்க. வீட்டுக்குத்தான்."

"வீட்டுல எத்தன பேரு?"

"ரெண்டு பேரு. ஒரு ஆளுக்கு நாலு வயசு."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். இது எங்கிருந்து வருகிறது, எப்போது தோண்டியது, கசக்குமா, இதில் விஷம் ஏதாவது இருக்குமா.

"பச்சமல அடிவாரத்துக் கிழங்கும்மா. நேத்து தோண்டுனது. ஜவ்வரிசி மில்லுக்குப் போறது வேற, சமைக்கிறது வேற. இது சமைக்கிறது." ஒரு கிழங்கைப் படக்கென்று ஒடித்துக் காட்டினார். உள்ளே தும்பையாக வெள்ளை. கறுப்புக் கோடு எதுவும் இல்லை. விரல் நகத்தால் தோலை உரித்து ஒரு துண்டைக் கடித்து மென்றார். "பாத்தீங்களா? நின்னுக்கிட்டுத்தான இருக்கேன்?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்தேன். அவர் ஒரு துண்டுதான் கடித்தார். அதையும் விழுங்கினாரா என்று நான் பார்க்கவில்லை.

கவிதா வந்தாள்

கவிதா என் நாத்தனார், செந்திலின் தங்கை. உறையூரில் இருக்கிறாள். மாலையில் ஸ்கூட்டியில் வந்தாள். அண்ணன் அவளுக்கும் விஷயத்தைச் சொல்லியிருந்தார்.

"அண்ணி, நெஜமாவே இத செஞ்சு பாத்துட்டுத்தான் போறதா வேணாமான்னு சொல்லப் போறீங்களா?"

"ஆமா."

"எங்க கல்யாணத்துக்கு இப்படி பரீட்சை எதுவும் வைக்கலியே. வச்சிருந்தா எங்க மாமியார் வச்ச ரசத்துக்கே நான் தப்பிச்சிருப்பேன்."

உட்கார்ந்து தோல் சீவினோம். மேலே மண் நிறத்தில் ஒரு தோல், உள்ளே இளஞ்சிவப்பில் தடித்த ஒரு தோல். இரண்டையும் எடுக்க வேண்டும். நான் எடுத்த கிழங்கையே திரும்பத் திரும்பச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவள் என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இதுக்கு மேல சீவுனா கெழங்கு இருக்காது அண்ணி."

கேரட் துருவியில் துருவ ஆரம்பித்தோம். இரண்டு கிலோவில் என் கட்டைவிரல் தோல் போயிற்று. மீதியைத் துண்டு போட்டு மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றினோம். யாழினி நடுவில் வந்து, "அத்தை, இது ஐஸா?" என்று கேட்டாள். "ஆப்பிரிக்கா ஐஸ்" என்றாள் கவிதா. நான் யாழினியின் கை எட்டாத தூரத்துக்குப் பாத்திரத்தை நகர்த்தினேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

வேட்டியில் கொட்டிக் கட்டும்போது கவிதா சொன்னாள்: "அண்ணன் அங்க ஒரு ரூம்ல நாலு பேரோட கெடக்குறாரு. தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"இல்ல, சொன்னேன்."

வெயிட்டுக்குத் தண்ணீர் கேனை வைக்கலாம் என்பது அவள் யோசனைதான்.

களி, அல்வா, வாழைப்பழம்

இந்த இடத்தில் யாழினியின் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவளுக்கு ஒரு வயது முடிந்த சமயம் கேழ்வரகுக் களி கிண்டி, நெய் விட்டு ஊட்டினேன். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, குடித்த பாலையெல்லாம் கக்கினாள். அன்றிலிருந்து வாயில் ஒட்டுகிற எதையும் தொடமாட்டாள். அல்வா கிடையாது. மசித்த வாழைப்பழம் கிடையாது. பொங்கலைக்கூட ஆறவிட்டு உதிர்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

மொறுமொறுவென்று இருந்தால் எதுவானாலும் சாப்பிடுவாள். முறுக்கின் அடித்தூளைச் சம்படத்தில் கைவிட்டு அள்ளுவாள். குழந்தைகள் டாக்டர் அவள் எடையைப் பார்த்துவிட்டு, "குழந்த நல்லா இருக்கா. நீங்கதான் தேறணும்" என்றார். நான் வேறொரு டாக்டரிடமும் காட்டினேன். அவரும் அதையே சொன்னார்.

வறுத்த நாள்

வெள்ளிக்கிழமை காலை மூட்டையைப் பிரித்தேன். உள்ளே கட்டியாக, ஈர மணல் பதத்தில், சுண்ணாம்பு வெள்ளையில் இருந்தது. புளித்த மாவு வாசனைக்கு அடியில் பச்சையாக இன்னொரு வாசனை. உதிர்த்து மாவு சலிக்கும் சல்லடையில் தேய்த்தேன். நார் மேலே தங்கியது.

இரும்பு வாணலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, சின்னத் தீயில் கைவிடாமல் வறுத்தேன். முதலில் ஆவி வந்தது. ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தேன், அந்த ஆவியோடு போக வேண்டியது போகட்டும் என்று. அரை மணி நேரத்தில் வாசனை மாறியது. புளிப்பு பின்னால் போய், பொரி வறுக்கிற வாசனை வந்தது. கரண்டி பட்டால் சரசரவென்று சத்தம். ஐந்து கிலோ கிழங்கு ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடங்கியது.

எதிர் வீட்டுக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. மாமி ஒன்றும் கேட்கவில்லை. வாசனை மாறியதைத் தெரிந்துகொண்டிருப்பார்.

பதினோரு மணிக்கு நான் மட்டும் ஒரு கரண்டி சாப்பிட்டேன். கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். கவிதாவுக்குப் போன் செய்தேன்.

"நாளைக்குக் காலையில எனக்கு ஒரு போன் பண்ணு. நான் எடுக்கலன்னா வந்து பாரு."

"ரவை மாதிரி ஒண்ண ஒரு கரண்டி தின்னுட்டு உயில் எழுதுறீங்களே அண்ணி. நகையெல்லாம் எனக்குத்தான?"

"கவிதா, வெளையாடாத."

"பண்றேன், பண்றேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கே பண்ணினாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை மதியம்

காரியைக் கொதிநீரில் கொட்டிக் கிளறினால் கெட்டியாகத் திரண்டு வரும். அதற்கு ஏபா என்று பெயர். கையால் கிள்ளி உருட்டி, குழம்பில் தோய்த்து விழுங்குவார்கள். கீரையும் வேர்க்கடலையும் போட்டு, புளி விடாமல் ஒரு குழம்பு வைத்தேன். ஏபாவைத் துடுப்பால் நன்றாக அழுத்திக் கிண்டினேன். கட்டி தட்டாமல், பளபளவென்று திரண்டு வந்தது. சின்ன உருண்டையாக உருட்டி யாழினியின் வாயில் வைத்தேன்.

அவள் ஒரு தரம் மென்றாள். நிறுத்தினாள்.

"அம்மா, இது பசை."

"முழுங்கிப் பாரு கண்ணு."

தட்டில் துப்பினாள். நாக்கை நீட்டிக் கையால் வழித்தாள். தண்ணீர் கேட்டாள்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். தோளில் இருந்த ஏதோ இறங்கியிருந்தது. சிங்க் முன்னால் நின்று செந்திலுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "செஞ்சு குடுத்தேங்க. துப்பிட்டா. முழுங்கவே இல்ல."

பதில் வரச் சற்று நேரம் பிடித்தது.

"சரிப்பா. பரவால்ல. நீ இவ்வளவு செஞ்சதே பெரிசு. திங்கக்கிழமை மேனேஜர்ட்ட வேணாம்னு சொல்லிடுறேன்."

அதை மூன்று முறை கேட்டேன். 'பரவால்ல' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்கு ஏதோ இடறியது.

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் மூன்று மணி வாக்கில் கவிதா வந்தாள். நான் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது இருவரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எவர்சில்வர் டப்பா. யாழினி காரியைக் கைநிறைய அள்ளி வாயில் கொட்டிக்கொண்டிருந்தாள். மோவாயெல்லாம் வெள்ளை.

"அண்ணி, நல்லாத்தான சாப்பிடுறா? நான் எடுத்துக் குடுக்கல. அவளே டப்பாவத் தொறந்தா."

நான் துணிக்கூடையை இறக்கி வைத்தேன்.

கவிதா எழுந்து ஒரு கிண்ணத்தில் காரி போட்டு, ஆறின பால் விட்டு, சர்க்கரையும் வறுத்த கடலையும் தூவினாள். கொஞ்சம் ஊறியதும் ஸ்பூன் போட்டுக் கொடுத்தாள். யாழினி சத்தமில்லாமல் சாப்பிட ஆரம்பித்தாள். கிண்ணத்தின் மேல் குனிந்துகொண்டு, யாரையும் பார்க்காமல்.

"அண்ணன் எனக்கும் அந்த வாய்ஸ் அனுப்பினாரு" என்றாள் கவிதா. "அங்க பசங்க இப்படி ஊறப்போட்டுத்தான் சாப்பிடுங்களாம். உங்களுக்கு அனுப்பினதுல இது இல்லியா?"

"இருந்துச்சு."

"நீங்க கேக்கலியா?"

"கேட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்கிறவள் அப்போது சிரிக்கவில்லை. யாழினியின் ஸ்பூன் கிண்ணத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணன்ட்ட என்ன சொன்னீங்க?"

"துப்பிட்டான்னு."

"அது பொய் இல்ல."

"இல்ல."

"உண்மையும் இல்லியே அண்ணி." ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். "நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்களே பேசிக்கங்க." யாழினியின் தலையில் கைவைத்து அழுத்திவிட்டுப் போய்விட்டாள்.

அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். யாழினிக்கு ஒட்டுகிற பண்டம் ஆகாது என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. செந்தில் அந்தச் செய்தியில் மூன்று விதம் சொல்லியிருந்தார். நான் களியாகத் திரளும் ஏபாவைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே முக்கியமாக அப்படித்தான் சாப்பிடுகிறார்கள், அதைத்தான் சோதிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிண்டும்போது இன்னும் கொஞ்சம் அழுத்திக் கிண்டியதும் எனக்குத் தெரியும்.

நான் கேட்காமல் விட்டது

வீடியோ காலில் கூப்பிட்டேன். அங்கே காலை பத்தரை. ஞாயிறு என்பதால் அறையில்தான் இருந்தார். கேமராவை யாழினி பக்கம் திருப்பினேன். அவள் ஸ்பூனைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்பா, ஆப்பிரிக்கா ஐஸ்."

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"துப்பிட்டான்னு சொன்ன?"

"களியாக் கிண்டிக் குடுத்தேங்க. அவளுக்குக் களி ஆகாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

"ஏன் நித்யா?"

சொன்னேன். ஆவணி மாதம் யாழினிக்குக் காய்ச்சல் வந்தது. 'லேசாக் காய்ச்சல், சரியாகிடுச்சு' என்று அவரிடம் சொல்லியிருந்தேன். லேசாக இல்லை. ஒரு பகல் பதினொரு மணிக்கு என் மடியில் கிடந்தவள் கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. நான் எம்.எஸ்ஸி. படித்தவள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து வாசலில் நின்றேன். எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. எதிர் வீட்டு மாமி அப்போது குளித்து, மடிப் புடவை கட்டி, அடுப்படியில் தளிகை பண்ணிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் பேரன் பேத்தி பக்கத்தில் வந்தால்கூட ஒதுங்கிக்கொள்வார். அப்படியே ஓடி வந்து என் கையிலிருந்து குழந்தையை வாங்கி, தரையில் கிடத்தி, என்னை ஓர் ஆட்டோவில் தள்ளி, அவரும் ஏறினார். பத்து நிமிடத்தில் டாக்டர்.

காய்ச்சலில் வருகிற வலிப்பு, சில குழந்தைகளுக்கு வரும், வளர்ந்தால் போய்விடும் என்றார் டாக்டர். மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பாருங்கள், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

"நீங்க அங்க பதறுவீங்கன்னுதான் சொல்லல. அங்க வந்து இப்படி ஆனா நான் எந்த வாசல்ல போய் நிக்கிறது? அதக் கேக்கத் தெரியாம சாப்பாட்டக் கேட்டேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டை மாட்டுவது தெரிந்தது. பிறகு படம் ஆடியது. மாடிப்படி, ஓர் இரும்புக் கேட், செம்மண் சாலை.

"எங்க போறீங்க?"

"குவார்ட்டர்ஸ் வாசல்ல நிக்கிறேன். இதுதான் அந்த வீடு. இங்கேருந்து க்ளினிக்குக்கு நடக்குறேன். நீயே பாரு."

அவர் நடந்தார். நான் பார்த்தேன். தலையில் பாத்திரம் வைத்துக்கொண்டு ஒரு பெண் எதிரே போனாள். சர்ச்சுக்குப் போகிற குழந்தைகள் வெள்ளைக் காலுறையில் போனார்கள். ஒரு மாமரம், ஒரு டயர் கடை, ஒரு வளைவு. பிறகு நீலம் அடித்த கட்டடம்.

"எட்டு நிமிஷம். தூக்கிட்டு ஓடினா நாலு."

"ஞாயித்துக்கிழமைல யாரு இருப்பாங்க?"

"இன்னிக்கு ஞாயிறுதான்."

உள்ளே மேஜை முன் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தார். அவருக்கு என் வயது இருக்கும். செந்தில் தடுமாறி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். திரையில் அவர் முகம் மட்டும். என்னைப் பார்த்து, சொல்லுங்கள் என்பது போல் தலையசைத்தார்.

கேட்க வேண்டியதைக் கேட்டேன். காய்ச்சலில் குழந்தைக்கு வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

அவர் யோசிக்கவே இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு இங்கே கொண்டு வாருங்கள், என்றார். நம் டாக்டர் சொன்ன அதே நான்கு. அதே வரிசையில்.

அவர் கேமராவில் யாழினியைப் பார்த்துவிட்டு, அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சொன்னேன். யார் செய்தது என்றார். நான்தான் என்றேன். அவர் நம்பவில்லை. கிண்ணத்தைக் கிட்டே காட்டச் சொன்னார். குருணை கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, இன்னும் நுண்ணிய சல்லடை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

செந்தில் வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"வேற என்ன பாக்கணும்? ஸ்கூல் பாக்குறியா? கடை?"

எனக்கு இன்னும் எத்தனையோ இருந்தன. தண்ணீர், கொசு, மழை, யாழினி பேசப் போகும் மொழி. எல்லாவற்றையும் நடந்து காட்ட முடியாது.

"வேற ஒண்ணும் இல்ல. நாளைக்கு மேனேஜர்ட்ட சொல்லிடுங்க."

"என்னன்னு?"

"வரோம்னு."

அவர் சரி என்றார். போனை நிறுத்தாமலேயே கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். திரையில் செம்மண்ணும் அவருடைய செருப்புகளும் மட்டும் தெரிந்தன. வரும்போது நடந்த மனிதர், போகும்போது கிட்டத்தட்ட ஓடிக்கொண்டிருந்தார். சிக்னல் அறுந்துபோகும் வரை நானும் யாழினியும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.